எட்டாம் எண் டிராமில் ஒரு வாளி

பொஹுஷ் போகும்போது கொண்டுபோனவை:
முந்நூறு லிட்டர் தொட்டி, அதன் விளக்கு,
நீலச் சிக்லிட் ஜோடி,
என் அக்கா தந்த காப்பி இயந்திரம்.
நடையில் கிடந்த சின்னத் தொட்டியைத் தொடவில்லை.
அதில் ஒரு மரக்கட்டை.
கட்டைக்கு அடியில் ஒரு கெளுத்தி,
இருந்தால்.
வக்கீலின் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

முதல் தடவை பார்த்தபோது
செத்துவிட்டதென்றே நினைத்தேன்.
வயிறு மேலே, முதுகு கீழே.
கழிப்பறைக்குக் கொண்டுபோகக் கரண்டியை நீட்டினேன்.
கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றி
மல்லாந்தபடியே போய்
கட்டையின் அடிப்பக்கத்தை மேயத் தொடங்கியது.

காங்கோ ஆற்று மீன், என்றார் கடைக்கார வவ்ரெச்கா.
மிதக்கும் இலைகளின் அடியில் தொங்கித் தின்னும்.
மற்ற மீனுக்கெல்லாம் வயிறு வெளுப்பு,
இதற்கு அங்கேதான் கறுப்பு.
இருபத்தைந்து டிகிரி, பழகின தண்ணீர்.
பகலில் தேடாதீர்கள்.

எனக்கும் ராத்திரியில்தான் வேலை,
ஆஸ்ட்ராவா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
விடிகாலை ஐந்தரைக்கு வந்து
பூட்ஸைக் கழற்றும் முன்
உறைந்த ரத்தப்புழுக் கட்டி ஒன்றை
உள்ளங்கையில் வைத்து இளக விடுவேன்.
சிவப்புத் துணி சுற்றிய டார்ச்.
ஆறு மீசைகள் முதலில் வரும்,
அப்புறம் ஆள்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை
என்று திரிகிற ஒருவனோடு
பதினோரு வருடம் குடித்தனம் நடத்தினேன்.
இது மண் இருக்கும் பக்கம்
முதுகைக் காட்டிவிட்டது.

‘நீ தலைகீழாய் நின்றாலும்
இந்த வீட்டுக்கு வாடகை கட்ட முடியாது’
என்று அவன் சொன்னது சரிதான்.
பிப்ரவரியில் ஒற்றை அறைக்கு மாறினேன்.

மூடியுள்ள வாளி. கம்பளித் துண்டு இரண்டு.
தொட்டித் தண்ணீரே பாதி வாளி.
எல்லாம் சரியாகச் செய்துவிட்டு
வலையை எடுத்தேன்.
குவளையால் மொள்ளச் சொல்லியிருந்தார் வவ்ரெச்கா.
துடுப்பு முள் விரிந்தால் பூட்டிக்கொள்ளும்,
மாட்டினால் இழுக்காதீர்கள்.
மாட்டியது.
வாளித் தண்ணீருக்குள் கைவிட்டு
நகக் கத்தரியால் இழை இழையாக வெட்டினேன்.
அப்போதுதான் அது கத்தியது.

கத்தல் என்று சொல்லலாமா,
எண்ணெய் காணாத கீல் போல,
ஈரத் தரையில் புது ரப்பர் செருப்பு போல.
இரண்டு குளிர்காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.
அதற்குக் குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.
‘இதோ, இதோ, ஆயிற்று’ என்று நானும் கத்தினேன்.
சாமான் தூக்க வந்த பையன்கள்
அலமாரியைப் படியிலேயே விட்டுவிட்டு
ஓடிவந்தார்கள்.

எட்டாம் எண் டிராம். மைனஸ் பதினொன்று.
வாளியை மடியில் வைத்துக் கோட்டால் மூடியிருந்தேன்.
எதிர் இருக்கைச் சிறுமி
உள்ளே என்ன என்றாள்.
மூடியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு தன் அம்மாவுக்குக் கேட்காதபடி
என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள்:
‘செத்துப்போச்சு ஆன்ட்டி.’

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்,
சிரிப்பு வந்துவிட்டது.
இழவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
இறங்கும்வரை திரும்பவே இல்லை.

புது அறையில் தொட்டி வைக்க இடம்
கட்டிலின் கால்மாட்டில்தான்.
பத்து நாளாக அது கட்டையை விட்டு வரவில்லை.
கூட்டத்தோடு வாழ்கிற இனம், இன்னும் மூன்று வாங்கிவிடுங்கள்
என்கிறார் வவ்ரெச்கா.
சம்பளம் வரட்டும்.

ஈரக் கட்டைவிரலால்
கண்ணாடியை அழுத்தித் தேய்த்தால்
ஏறக்குறைய அந்தக் குரல் வருகிறது.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார்.
நான் இன்னும் ஒருமுறை தேய்க்கிறேன்.
ஒரு மீசை.